குருதியும் மகரந்தமும்

குமரி மாவட்டத்தின் தேரூர்க் குளத்துக் கரையில் மேயும் பசு ஓயாமல் வாலைச் சுழற்றுகிறது. தோலைச் சிலிர்க்கிறது, முன்காலைத் தூக்கித் தரையில் அடிக்கிறது. மழை விட்டு வெயில் சுள்ளென்று விழும் நாட்களில் இந்த அவஸ்தை கூடும். வாலுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, முன்தொடையின் உட்புறத்திலோ அடிவயிற்றிலோ மாட்டீ ஒன்று உட்கார்ந்திருக்கும். அது எழுந்து போன பிறகும் அந்த இடத்தில் ரத்தம் சொட்டாகத் திரண்டு வழியும். கரைக்குக் கீழே, சற்றுத் தள்ளி, வழுதலங்காய், அதாவது கத்தரி, நட்ட விளை. ஊதாப் பூ ஒன்றின் அடியில் ஒரு பூச்சி தலைகீழாகத் தொங்குகிறது. இரண்டு மூன்று நொடிகளுக்குக் கூர்மையான ஒரு ரீங்காரம் கேட்கிறது, உடனே அடுத்த பூவுக்குப் போய்விடுகிறது. வயிற்றைச் சுற்றி வெளிர்நீலப் பட்டைகள். மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர் தோள் துண்டை வீசி இரண்டையும் ஒரேபோல விரட்டுவார்.

இரண்டும் பெண்கள். மாட்டீக் குடும்பத்தில் ஆண் கடிப்பதில்லை. தோலைக் கிழிக்கும் தாடைத் தகடுகள் அதன் வாயில் கிடையாது; பூந்தேனைக் குடித்தே வாழ்ந்து முடிக்கிறது. தேனீயில் ஆணுக்குக் கொடுக்கு இல்லை. முட்டையிடும் உறுப்பு காலப்போக்கில் மாறி உருவானதுதான் கொடுக்கு என்பதால் அது பெண்ணுக்கு மட்டுமே வாய்க்கும். பசுவின் அடிவயிற்றிலும் வழுதலைப் பூவிலும் உழைத்துக்கொண்டிருக்கும் இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: பிள்ளைக்கான புரதம். பறப்பதற்கான சக்தியை இருவருமே பூவின் இனிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். மாட்டீப் பெண்ணும் பூவுக்குப் போய்த் தேன் குடிப்பவள்தான். ஆனால் சர்க்கரையைக் கொண்டு பறக்கலாமே தவிர, முட்டையை முதிர வைக்க முடியாது. அதற்கு ஒருத்தி தோலைக் கிழிக்கிறாள், இன்னொருத்தி மகரந்தத்தை உதிர்க்கிறாள்.

இந்த ஒற்றுமையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள் அழகாகத் திறந்துகொள்கின்றன.

முதலில் உடல். ஈக்கு இறக்கை ஒரு ஜோடிதான். பின் இறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் முனை பருத்த இரண்டு சிறு தண்டுகள் மட்டும் இருக்கின்றன. பறக்கும்போது அவை வேகமாக அதிர்ந்து, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, சுழல்கிறது என்பதை ஈக்குத் தெரிவிக்கின்றன. ஈயைக் கையால் பிடிக்க முடியாமல் போவதற்கு அந்தத் தண்டுகளும் ஒரு காரணம். தேனீக்கு இறக்கை இரண்டு ஜோடி; பறக்கும்போது பின் இறக்கையின் நுண்கொக்கிகள் முன் இறக்கையைப் பற்றிக்கொள்வதால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். மாட்டீயின் தலை பெரும்பாலும் கண்தான். சில இனங்களில் அந்தக் கண்ணில் பச்சையும் செம்பும் கலந்த பட்டைகள் ஒளிரும். செத்துக் காய்ந்தால் அந்த நிறம் மங்கிப்போகும். இரு கண்களும் உச்சியில் ஒட்டியிருந்தால் ஆண், நடுவே இடைவெளி இருந்தால் பெண். தேனீயின் கண் பெரும்பாலும் தலையின் இரு பக்கமும் ஒதுங்கி நிற்கும். உணர்கொம்பு நீண்டு முழங்கைபோல வளைந்திருக்கும். எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் கண்ணுக்கு எளிதில் தெரியாதது. தேனீயின் உடல் மயிர்களில் பல நுண்ணிய கிளைகள் விட்டவை. மகரந்தம் அந்தக் கிளைகளில்தான் சிக்குகிறது.

மாட்டீயின் கடி ஏன் அப்படி வலிக்கிறது என்பதற்கு அதன் வாயைப் பார்க்க வேண்டும். கொசு மெல்லிய குழலைத் தோலுக்குள் இறக்கி ரத்தக் குழாயைத் தேடிப் பிடிக்கும். பல நேரம் கடிபட்டது தெரிவதற்குள் வேலை முடிந்துவிடும். மாட்டீக்கு அந்த நாசூக்கு இல்லை. தட்டையான கூர்தகடுகளால் தோலை வெட்டி, அங்கே குளமாய்த் தேங்கும் ரத்தத்தை உதட்டின் பஞ்சுபோன்ற முனையால் ஒற்றி எடுக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க உமிழ்நீரையும் சேர்த்து விடுகிறது. ஈ போன பிறகும் மாட்டின் வயிற்றில் ரத்தம் வழிவது இதனால்தான்.

வலி உடனே தெரிவதால் மாடு உடனே விரட்டுகிறது. வயிறு நிறையாத ஈ பக்கத்து மாட்டில் போய் உட்காருகிறது. நோய் பரவுவதும் இந்தக் குறுக்கீட்டால்தான். 1880இல், இன்று பாகிஸ்தானிலிருக்கும் தேரா இஸ்மாயில் கானில், கிரிஃபித் இவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் மெலிந்து சாகும் குதிரைகளின், ஒட்டகங்களின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். நெளிந்து நீந்தும் ஒற்றைச் செல் உயிரி ஒன்று தெரிந்தது. உள்ளூரில் சர்ரா என்று அழைக்கப்பட்ட நோயின் காரணம் அது. ட்ரிப்பனோசோம்களில் ஒன்று நோயை உண்டாக்கும் என்பது உலகுக்கு முதன்முதலில் தெரியவந்தது அப்போதுதான். ட்ரிப்பனோசோமா இவான்சி என்று அவர் பெயராலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது. ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயின் உடலுக்குள் அதன் கிருமி வளர்ந்து உருமாறுகிறது. சர்ராவுக்கு அதுவெல்லாம் தேவைப்படவில்லை. மாட்டீயின் வாயில் ஒட்டிய ரத்தம் ஈரம் உலர்வதற்குள் அடுத்த விலங்கின் புண்ணைத் தொட்டால் போதும். தமிழ்நாட்டின் கால்நடை மருத்துவர்கள் இன்றும் மழைக்காலத்துக்குப் பின் வரும் விட்டுவிட்டுக் காய்ச்சலில் இந்த நோயையும் மனதில் வைத்தே ரத்தத்தைச் சோதிக்கிறார்கள்.

மாட்டீ தன் இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது தனிக்கதை. மூச்சுக்காற்றின் கரியமில வாயு, உடல் வெப்பம், அசைவு, கருமை எல்லாமே அதை இழுக்கும். ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத்தும் அவர் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. கறுத்த மயிரில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது; நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அப்படியே. தண்ணீரைத் தேடவும் இரையைத் தேடவும் மாட்டீ இந்த ஒளியை நம்புகிறது. வெள்ளைக் குதிரையில் அந்த ஒளி குறைவு, ஈயும் குறைவாகவே வருகிறது. 2019இல் ஜப்பானில் டோமோகி கொஜிமாவும் உடன் ஆய்வாளர்களும் கறுப்பு மாடுகளின் மேல் வரிக்குதிரைபோல வெள்ளைக் கோடுகள் தீட்டிப் பார்த்தார்கள். கடிக்கும் ஈக்களின் வரவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தேரூரிலும் பறக்கையிலும் எருமை சேற்றில் புரண்டு மேலெல்லாம் மண் பூசிக்கொண்டு எழுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவில் பெரிய வியப்பு இருக்காது.

ரத்தம் குடித்த மாட்டீ சில நாட்களில் முட்டையிடுகிறது. தண்ணீருக்கு மேல் சாய்ந்து நிற்கும் கோரையிலோ நெல் தாளிலோ நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே திரளாக ஒட்டி வைத்துவிட்டுப் பறந்துவிடும். அத்தோடு அவள் கடமை முடிந்தது. குஞ்சுப் புழுக்கள் பொரிந்து கீழே சேற்றில் விழுந்து, மண்புழுவையும் பிற பூச்சிகளின் புழுக்களையும் குத்தித் தின்று வளர்கின்றன. எதுவும் கிடைக்காவிட்டால் ஒன்றையொன்று தின்னும். ஜப்பானில் நெல் நடும் தொழிலாளர்களின் கால்களை இந்தப் புழுக்கள் கடித்ததாகப் பதிவுகள் உண்டு. சேறு உள்ளவரை மாட்டீயும் இருக்கும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டில் இரண்டு போகம் நெல் விளைந்த நாஞ்சில் நாடு அதற்கு வாகான வீடாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

வழுதலை விளைக்கு வருவோம்.

நீலப்பட்டைத் தேனீ, அமெகில்லா பேரினத்தைச் சேர்ந்தது. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம். மார்பில் பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். வயிற்றின் நீலம் வெயிலில் உலோகம்போல் மின்னும். அது கூடு வைத்துக் கூட்டமாய் வாழ்வதில்லை. ராணி கிடையாது, வேலைக்காரி கிடையாது, தேனைச் சேமித்து வைக்கும் அடையும் கிடையாது. உலகில் அறியப்பட்ட ஏறக்குறைய 20,000 தேனீ இனங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித் தனித்து வாழ்பவையே. பெட்டியில் வளர்ப்பதும் மரத்தில் பெரிய அடையாய்த் தொங்குவதும் விதிவிலக்கு. மனிதன் தேனை நாடியதால் விதிவிலக்கே விதியாக மனதில் பதிந்துவிட்டது.

குமரி மாவட்டத்தில் அது இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. 1910களில் திருச்சியில் பாதிரியார் நியூட்டன் இந்தியத் தேனீக்குப் பொருந்தும் மரப்பெட்டியை வடிவமைத்தார். 1920களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரக முன்னேற்ற மையத்தை நடத்தியபோது, கோழி வளர்ப்போடும் பிற கைத்தொழில்களோடும் தேனீப் பெட்டியையும் ஏழை விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தார். தேனீ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் 1937இல் வந்தது. ரப்பர் பெருகியபோது தேனும் பெருகியது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை, தளிர் இலைக்காம்பின் முனையில் சுரக்கும் இனிப்பிலிருந்து வருகிறது. 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தபோது மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் பெட்டிகள் காலியாயின. அந்த இழப்பை அனுபவித்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பெட்டி இருந்தது, கணக்கு இருந்தது, கடன் இருந்தது. ஆகவே துக்கமும் பதிவானது. கையாலை என்னும் மண்சுவரில் துளையிட்டு வாழும் தேனீக்கு என்ன ஆனாலும் அதைப் பதிவு செய்ய யாரும் இருந்ததில்லை.

அந்தத் தேனீ செய்வதைப் பெட்டித் தேனீயால் செய்ய முடியாது என்பதுதான் இங்கே சொல்லியாக வேண்டியது. வழுதலைப் பூவில் தேன் இல்லை. மகரந்தம் மட்டும் உண்டு, அதுவும் எளிதில் கைக்கு வராது. மஞ்சள் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்காமல் முனையில் மட்டும் சிறு துளைகளாகத் திறக்கிறது. தக்காளிப் பூவிலும் உள்ளே இருக்கும் தூள் வெளியே வர அதிர்வு வேண்டும். நீலப்பட்டைத் தேனீ பூவைக் கால்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடுகிறது. பூ நடுங்குகிறது, தூள் அதன் வயிற்றில் கொட்டுகிறது. தூரத்தில் கேட்கும் அந்தக் கூர்மையான ரீங்காரம் அதுதான். ஆஸ்திரேலியாவின் நீலப்பட்டைத் தேனீ ஒன்றை அதிவேகக் கேமராவில் பிடித்த ஆய்வாளர்கள் 2016இல் ஒன்றைச் சொன்னார்கள்: அது மகரந்தப்பையைத் தலையால் நொடிக்குச் சுமார் 350 முறை முட்டுகிறது. அங்கே பசுமைக்குடில் தக்காளிக்கு இந்தத் தேனீயை வளர்த்துப் பார்க்கும் முயற்சியும் நடந்தது.

இந்தியத் தேனீயும் மலைத்தேனீயும் இந்த வேலையைச் செய்வதில்லை. பூவில் சிந்திய தூளைப் பொறுக்கும், அவ்வளவே. வழுதலை தன் மகரந்தத்தாலேயே காற்றசைவில் ஓரளவு காய்க்கும் என்பது உண்மை. ஆனால் அதிர்வு கொடுக்கும் தேனீ வந்து போன பூ கூடுதலாகப் பிடிக்கிறது, காய் நன்றாகத் திரள்கிறது. வடசேரி கனகமூலம் சந்தைக்கு விடியற்காலையில் வந்து இறங்கும் காய்க்கூடையில் அந்தத் தேனீயின் பங்கும் இருக்கிறது. முருங்கைக்கும் பூசணிக்கும் கருவண்டு என்று அழைக்கப்படும் மரத்துளைத் தேனீ வருகிறது. துவரைப் பூவின் இறுகிய இதழை அழுத்தித் திறப்பது இலைவெட்டித் தேனீ. ரோஜாச் செடியின் இலை ஓரத்தில் அச்சு வைத்து வெட்டியதுபோல அரைவட்டம் இருந்தால் புழு அரித்தது என்று மருந்தடிக்கிறார்கள். பெரும்பாலும் அது இலைவெட்டித் தேனீ தன் பிள்ளைக்கு அறைச்சுவர் கட்ட எடுத்துப்போன துண்டு. செடி அதனால் சாகாது.

தோவாளையைச் சொல்லாமல் குமரியின் பூவைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் பிச்சியும் மல்லிகையும் அங்கே மொட்டிலேயே கிள்ளப்படுகின்றன. விரிந்த பின் அவற்றுக்கு விலை இல்லை. பூவுக்குப் பெயர்பெற்ற ஊர் என்றாலும் தேனீக்கு அந்தப் பூவில் பங்கு இல்லை. அதன் வயிறு நிறைவது வரப்பிலும் கரையிலும் யாரும் நடாமல் முளைக்கும் தும்பை, துளசி, நெருஞ்சியில்தான். வழுதலைப் பூவில் தேன் கிடையாது என்பதால் அந்த விளையில் வேலை செய்யும் தேனீ பசியாற வரப்புக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. களைக்கொல்லி அடித்து வரப்பை மொட்டையாக்கும் விவசாயி தன் வழுதலைக்கு வரும் வேலைக்காரியின் சோற்றைப் பறிக்கிறார்.

நீலப்பட்டைத் தேனீயின் தாய்மையை மாட்டீயின் தாய்மைக்கு அருகே வைத்துப் பார்க்க வேண்டும். அவள் வறண்ட மண்ணில், மண்சுவரில், கரையின் சரிவில் துளை தோண்டுகிறாள். துளையின் கோடியில் ஓர் அறை. சுவரை உடலில் சுரக்கும் மெழுகுப் பூச்சால் மெழுகி ஈரம் புகாமல் செய்கிறாள். பூவுக்கும் துளைக்குமாகப் பலமுறை பறந்து மகரந்தமும் தேனும் குழைத்த உணவை நிரப்புகிறாள். அதன் மேல் ஒரே ஒரு முட்டை. அறையை மண்ணால் மூடிவிட்டு அடுத்த அறை. கருவுற்ற முட்டை இட்டால் பெண், கருவுறாததை இட்டால் ஆண். எது வேண்டும் என்பதை அந்த நேரத்தில் அவளே தீர்மானிக்கிறாள். ஒரு வாழ்நாளில் அவள் கட்டும் அறைகள் சில பத்துகளைத் தாண்டுவது அரிது. கருவண்டில் எண்ணிக்கை இன்னும் குறைவு. அதன் முட்டை பூச்சி உலகத்தின் மிகப் பெரிய முட்டைகளில் ஒன்று. சில இனங்களில் 15 மில்லிமீட்டர் நீளம்.

மாட்டீ குருதியைத் தன் உடலுக்குள் கொண்டுபோய் முட்டையாக்கி, எண்ணிக்கையை நம்பி விட்டுவிடுகிறது. நூற்றுக்கணக்கில் சில பிழைத்தால் போதும். தேனீ மகரந்தத்தைத் தின்று தீர்ப்பதில்லை; வெளியே சுமந்து சேர்த்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் முழு வளர்ச்சிக்குத் தேவையான உணவை ஒரு தடவையில் அளந்து வைக்கிறது. பிள்ளை கண்விழிக்கும்போது தாய் பெரும்பாலும் உயிரோடு இருக்க மாட்டாள். ஒரே தேவைக்கு இயற்கை கண்ட இரண்டு விடைகள் இவை. அதில் மாட்டீயின் விடை ஒரு நிலத்துச் சேற்றை நம்பி நிற்கிறது, தேனீயின் விடை அதே நிலத்தின் உலர்ந்த மேட்டை நம்பி நிற்கிறது.

ஆண் தேனீயின் இரவைப் பற்றியும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். துளை பெண்ணுடையது. அந்தி சாயும்போது ஆண் நீலப்பட்டைத் தேனீக்கள் காய்ந்த தண்டு ஒன்றைத் தேர்ந்து, தாடையால் அதைக் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தொங்கித் தூங்குகின்றன. அதே தண்டுக்கு மறுநாளும் வருவதுண்டு. விளையைச் சுத்தம் செய்கிறவர்கள் முதலில் பிடுங்கி எரிப்பது இத்தகைய காய்ந்த தண்டுகளைத்தான்.

ஈயைக் கெட்டது என்றும் தேனீயை நல்லது என்றும் பிரித்துவிட்டால் எளிதாக இருக்கும். இரு பக்கத்திலும் அது தாங்காது. ரப்பர் மரத்தின் பூ மிகச் சிறியது, மஞ்சள் நிறம், மணம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் வார்ம்கே என்ற ஆய்வாளர் அதன் மகரந்தச் சேர்க்கையைத் தேடிப்போனபோது அங்கே கண்டது கடிக்கும் நுண்ணீக்களின் குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு ஈக்களை. கொக்கோவின் பூவைச் சினைப்படுத்துவதும் அதே குடும்பம்தான். ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்பும் குலிகாய்டிஸ் ஈயும் அந்தக் குடும்பத்துப் பெண்ணே. ரப்பராலும் ஆட்டாலும் வாழும் ஒரு மாவட்டத்துக்கு அந்த ஈக் குடும்பம் ஒரே சமயத்தில் உதவியும் உபத்திரவமும். நேபாளத்தின் மலைச்சரிவுகளில் ரோஸ்கோயா என்ற இஞ்சி வகைப் பூவை நாடிவரும் நீண்ட மூக்குள்ள ஈ மாட்டீக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பூவின் குழல் அந்த மூக்கின் நீளத்துக்கு ஏற்பவே வளர்ந்திருக்கிறது.

தேனீக்களிலும் திருடர்கள் உண்டு. கருப்பு உடலில் நீலப் புள்ளிகள் கொண்ட குயில் தேனீ அமெகில்லாவின் துளைக்குள் நுழைந்து அவள் சேர்த்த உணவில் தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும். ஒரு துளி மகரந்தமும் அது சேர்ப்பதில்லை. கருவண்டையே உருவில் ஒத்த கொள்ளை ஈ ஒன்று இந்தியாவில் உண்டு. அதன் புழு கருவண்டின் மரச்சுரங்கத்துக்குள் கருவண்டின் குஞ்சுகளைத் தின்று வளர்கிறது. மனிதர் கண் குழம்புவது இன்னும் பழைய கதை. செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று கிரேக்கரும் ரோமரும் நம்பினார்கள். ஓஸ்டன் சாக்கன் என்ற ரஷ்ய ஈ ஆய்வாளர் 1894இல் அதற்கு விளக்கம் தந்தார்: அழுகிய நீரில் வளரும், தேனீயைப்போலவே தோன்றும் மிதவை ஈயைத்தான் அவர்கள் தேனீ என்று எண்ணியிருக்கிறார்கள். அந்த ஈயின் உறவுகள் நாகர்கோவில் சாக்கடை ஓரங்களிலும் உண்டு. அவை கடிப்பதில்லை, பூவுக்குத்தான் வருகின்றன.

கொட்டும் பயமும் தனித்தேனீயை அழிவுக்குத் தள்ளும் காரணங்களில் ஒன்று. ஓட்டு வீட்டுக் கழுக்கோலில் கருவண்டு துளை போட்டால் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிமெண்ட் வைத்து அடைப்பது வழக்கம். மரம் பாதிப்படைவது உண்மையான கவலை. பக்கத்தில் காய்ந்த மூங்கிலையோ முருங்கைக் கட்டையையோ கட்டித் தொங்கவிட்டால் வண்டு அதற்கு மாறக்கூடும். கொட்டுவதைப் பொறுத்தவரை, காக்க வேண்டிய அடையும் தேனும் அவளுக்கு இல்லை என்பதால் அவள் துரத்திவந்து கொட்டுவதில்லை. கையில் நசுக்கினால் ஒழிய. பூச்சிகளின் கொட்டை வலியின்படி வரிசைப்படுத்திய ஜஸ்டின் ஷ்மிட், வியர்வைத் தேனீ என்ற சிறு தனித்தேனீயின் கொட்டுக்கு நான்கில் ஒன்று என்ற மிகக் குறைந்த மதிப்பெண்தான் கொடுத்தார். மாட்டீயின் கடி அதைவிட வலிக்கும் என்பதைக் கரையில் மாடு மேய்த்த எவரும் சொல்வார்கள்.

இனி அந்தக் கரை. சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. 94 ஹெக்டேருக்குச் சற்று மேல். வேம்பனூர் நீர்நிலையும் அதே ஆண்டு சேர்ந்தது. பறவைகளை எண்ணியே அந்த மதிப்பு வந்தது, அது சரியானதே. ஆனால் குளம் என்பது தண்ணீர் மட்டுமில்லை. தண்ணீரின் விளிம்பில் சேறு, சேற்றுக்கு மேல் மண்கரை, கரையின் சரிவில் வெயில் படும் வெறுந்தரை, அதன் உச்சியில் தும்பையும் காட்டுத்துளசியும் இருந்தால்தான் அது முழுக்குளம். இந்த நான்கடி உயரத்துக்குள் மாட்டீயின் புழுவும் நீலப்பட்டைத் தேனீயின் அறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. குளக்கரைக்குக் கல் பதித்து சிமெண்ட் பூசும்போது அந்த நான்கடியில் மேல் பாதி மட்டும் அழிகிறது. சேறு அப்படியே கிடக்கிறது. கடிப்பவள் வீடு தங்குகிறது, பூவை அதிரவைப்பவள் வீடு மூடப்படுகிறது.

விளைகளின் எல்லையிலும் இதுவே நடக்கிறது. மண்ணைக் குழைத்து அடுக்கி எழுப்பிய கையாலைகள் ஒரு காலத்தில் நாஞ்சில் நாட்டின் ஒவ்வொரு விளையையும் சுற்றி நின்றன. மழை அரித்த இடங்களில் சுவர் முழுக்க பென்சில் கனத்துக்குத் துளைகள் தெரியும். அவற்றில் கணிசமானவை தேனீயுடையவை, மற்றவை குளவியுடையவை. இப்போது அங்கே ஹாலோ பிளாக் சுவர். வயல்கள் மனையாகும்போது மாட்டீயும் குறைகிறதுதான். டிராக்டர் வந்து உழவு மாடு போனதும் அதன் இரையும் குறைந்துவிட்டது. ஆனால் மாட்டீக்குத் தப்ப வழிகள் உண்டு. பால் மாடு இருக்கிறது, கழிவுநீர் தேங்கும் ஓடை இருக்கிறது. வறண்ட மண்ணை நம்பிய தேனீக்கு மாற்று இல்லை. சிமெண்டில் துளை போட அதற்குத் தெரியாது.

செய்யக்கூடியவை சின்னச் சின்னதாக இருக்கின்றன. கரையைப் பலப்படுத்தும் பணியில் தெற்கோ கிழக்கோ பார்த்த சரிவின் ஒரு பகுதியை மண்ணாகவே விடலாம். கசிவு இல்லாத இடத்தைத் தேர்வது நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்குப் பெரிய சிரமமில்லை. வழுதலைக்கு மருந்தடிக்கத்தான் வேண்டுமென்றால், காலை வெயில் ஏறி தேனீ பூவில் இருக்கும் நேரத்தைத் தவிர்த்து மாலையில் அடிக்கலாம். தண்டு துளைப்பான் தாக்கிய கொம்பைக் கிள்ளி எரித்தாலே மருந்தின் தேவை குறையும் என்பதை நெடுநாள் விவசாயிகள் அறிவார்கள். இடிந்த கையாலையின் ஒரு துண்டை விளையின் மூலையில் விட்டுவைப்பதற்குச் செலவே இல்லை.

இன்னொன்றும் வேண்டும். 1897இல் பிங்ஹாம் என்ற ராணுவ அதிகாரி பிரித்தானிய இந்தியாவின் குளவிகளையும் தேனீக்களையும் ஒரு தொகுதியாக எழுதிவிட்டார். அதற்குப் பின் நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. நாகர்கோவிலில் விலங்கியல் துறை உள்ள பழைய கல்லூரிகள் பல இருக்கின்றன. கும்பப்பூ அறுத்த பின் உளுந்தும் பயறும் வழுதலையும் போடும் மாசி, பங்குனி மாதங்களில், தேரூர்க் கரையின் ஒரே சரிவில் எத்தனை துளைகள், எந்த இனம், எந்தப் பூவுக்குப் போகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் எண்ணி எழுதத் தொடங்கலாம். அதே மாணவர்கள் ஐப்பசியில் அதே கரையில் மேயும் மாட்டின் மேல் எத்தனை மாட்டீ உட்காருகிறது என்பதையும் எண்ண வேண்டும். சேற்றையும் மேட்டையும் சேர்த்து எண்ணினால்தான் கல் பதிக்க வரும் ஒப்பந்ததாரரிடம் எந்த இடத்தை விட்டுவிடச் சொல்வது என்று காட்ட முடியும்.